அவரவர் பெட்டி, அவரவர் சாவி

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. நாகல்நகர்ப் பக்கத்துப் பட்டறைகளில் கையால் அராவி உருவாக்கப்படும் அந்தப் பூட்டின் பெருமை, அதன் லீவர்கள் அதன் சாவிக்கென்றே அமைக்கப்படுவதில் இருக்கிறது. அவரவர் பெட்டி அவரவர் சாவியில் திறக்கும். இந்த எளிய அறத்தை இணையச் செயலிகள் பலவும் மறந்துவிட்டன என்பதே நம் வருத்தம்.

திரையில் தோன்றும் எந்தப் படிவமும் சிலவற்றை நினைவில் வைத்தாக வேண்டும். நிரலர்கள் இதனை ‘ஸ்டேட்’ என்பார்கள். நாம் நிலை என்போம். வேடசந்தூரில் ஒரு கணினி மையத்தில் அமர்ந்து ஒருவர் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதாகக் கொள்வோம். பக்கம் தமிழிலா ஆங்கிலத்திலா என்பதும், உள்ளே நுழைந்திருப்பவர் யார் என்பதும் செயலி முழுமைக்கும் தெரிய வேண்டிய பொதுநிலை. பாதி தட்டச்சிட்ட தெருப்பெயரோ அந்தக் கட்டத்தோடு முடியும் உள்நிலை. வட்டத்தைத் தேர்ந்தால்தான் ஊர்ப்பட்டியல் திறக்கும். ஆகவே வட்டத்தின் பெயர் படிவத்தின் எல்லைக்குள் இருந்தால் போதும்.

பொதுநிலையே கூடாது என்று நாம் வாதிடவில்லை. படித்து முடித்த பின்னும் ‘படிக்காத செய்தி 1’ என்று ஃபேஸ்புக் அரட்டையில் எண் மீண்டும் மீண்டும் தோன்றிய கோளாறு பலருக்கு நினைவிருக்கலாம். ஒரே செய்திக்குத் திரையின் பல பகுதிகள் தனித்தனியே கணக்கு வைத்ததன் விளைவு அது. அதற்கு மருந்தாக 2014-இல் அந்நிறுவனம் ‘ஃப்ளக்ஸ்’ முறையை முன்வைத்தது. அதன் வழியில் 2015-இல் ‘ரிடக்ஸ்’ வந்தது: முழுச் செயலிக்கும் ஒரே களஞ்சியம். மருந்தே உணவாயிற்று. தெருப்பெயரின் ஒவ்வோர் எழுத்தும் களஞ்சியத்துக்குப் போய்த் திரும்பியது. ரிடக்ஸை உருவாக்கியவர்களுள் ஒருவரான டான் அப்ரமோவே, எல்லோருக்கும் இது தேவைப்படாது என 2016-இல் எழுத வேண்டியதாயிற்று.

இது நிரலர்களின் உள்வீட்டுச் சண்டை அன்று. பக்கத்தைப் புதுப்பித்தாலும் தகவல் அழியாதிருக்கக் களஞ்சியத்தை உலாவியின் நிலைத்த சேமிப்பில் எழுதி வைப்பவர்கள் உண்டு. அச்சேமிப்போ ஒரு தளத்தின் எல்லாத் தாவல்களுக்கும் பொது. தாய்க்கு ஒரு தாவலிலும் மகனுக்கு மறு தாவலிலும் விண்ணப்பித்தால், ஒருவர் விவரம் மற்றவர் படிவத்தில் ஏறிவிடக்கூடும். துடைக்காமல் விட்டாலோ, முன்னவர் எழுந்து சென்ற நாற்காலியில் அமர்பவர் அவருடைய பிறந்த தேதியையும் வருமானத்தையும் காண்பார். சொந்தக் கணினி உள்ளவருக்கு இது தொல்லை. மையத்தை நம்பியிருப்பவருக்கு இழப்பு.

எல்லாம் ஓரிடத்தில் இருந்தால் பிழை கண்டுபிடிப்பது எளிது என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த வசதி எழுதுபவருக்கு. விலை கொடுப்பவர் வேறொருவர். நாம் வேண்டுவது இதுதான்: ஒரு தகவல் யார் யாருக்கு வேண்டுமோ, அவர்கள் அனைவரும் கூடக்கூடிய மிக அருகிலுள்ள திண்ணையில் அது இருக்கட்டும். மொழித் தேர்வை ஊர் மந்தைக்குக் கொண்டு வரலாம். தெருப்பெயர் வீட்டைத் தாண்ட வேண்டியதில்லை. விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததும் திரையில் அதன் சுவடும் அழியட்டும்.