கூட்டிசையுள் ஒரு குரல்



நம் பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் மேனாட்டு ராக் இசையை வெறும் இரைச்சலென்று ஒதுக்குவது பெரியோர்க்கு எளிது. அந்த இரைச்சலுள் எத்துணை ஒழுங்கு அடங்கியுள்ளது என்று அறிய ஒரு வழியுண்டு. பாடலின் கருவிகளைத் தனித்தனியே பிரித்துக் கேட்பதே அது.

'குயின்' குழுவினர் 1975-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பொஹீமியன் ராப்சடி'யை எடுத்துக்கொள்வோம். அதனை இயற்றிப் பாடிய பிரெடி மெர்க்குரி, சான்சிபாரில் பிறந்த பார்சி. பஞ்சகனியில் கல்வி பயின்றவர். 1964-இல் குடும்பத்தோடு இங்கிலாந்தில் குடியேறியவர். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அவர் முற்றிலும் அயலார் அல்லர்.

அப்பாடல் 24 தடங்கள் கொண்ட ஒலிநாடாவில் பதிவாயிற்று. குரலும் கருவிகளும் வெவ்வேறு தடங்களில் அமைந்தன. அவற்றைப் பிரித்துக் கேட்போர்க்கு முதல் வியப்பு, தொடக்கத்திலேயே காத்திருக்கிறது. பலர் கூடிப் பாடுவதுபோல் ஒலிப்பவை யாவும் மெர்க்குரி ஒருவரின் குரல்களே! தம் குரலின்மேல் தம் குரலையே அவர் அடுக்கியிருக்கிறார்.

அடுத்து வரும் மெல்லிய பகுதியில் பியானோவும் குரலும் முன்செல்கின்றன. பேஸ் கிதார் பிறகு சேர்கிறது. டிரம் அதற்கும் பிறகு. பிரையன் மேயின் கிதாரோ நெடுநேரம் பொறுத்திருந்து, குரல் ஓய்ந்த பின்னரே முழு வலிமையோடு எழுகிறது.

தனியே கேட்கும்போது ஒரு கருவி வெறுமையாகவும் கரடுமுரடாகவும் தோன்றலாம். கூட்டத்தில் சேர்ந்ததும் அதுவே இனிக்கிறது. ஒலிக் கலவை செய்வோர் ஒவ்வோர் ஒலியையும் ஏற்றியும் இறக்கியும், சிலவற்றை இடப்புறமும் சிலவற்றை வலப்புறமும் நிறுத்தியும், ஒன்றன் இடத்தை மற்றொன்று அடைக்காதபடி காக்கின்றனர். நம் கல்லாற்றின் நீர் கல்லுக்குக் கல் வேறு வேறாக ஒலித்தும், எட்ட நின்றால் ஒரே ஓசையாகக் கேட்கின்றதன்றோ?

இதில் நாம் பயில வேண்டிய பாடமும் உண்டு. விழா மேடையில் பாடுகின்ற சிறுமியின் குரல் எழவில்லையெனில், ஒலிபெருக்கி முழுவதையும் உயர்த்திவிடுகிறோம்; குரல் மேலும் மூழ்குகிறது. அக்குரலை மறைக்கும் கருவியைச் சற்றே தாழ்த்தினால் போதும், குழந்தை பாடுவது கடைசி வரிசைக்கும் கேட்கும்.

ஆதலால் இளைஞர்காள், அடுத்த விழாவிற்கு முன் இவ்வாறு ஒரு பாடலையேனும் பிரித்துக் கேளுங்கள். முதலில் டிரம்மும் பேஸும், பின்னர் பியானோ, இறுதியில் குரல். பெற்றோரும் உடனமர்ந்து கேட்பார்களாக. பிள்ளைகளின் இசையை ஒருமுறை செவிகொடுத்துக் கேட்டவர், அதனை மறுமுறை இரைச்சல் என்னார்.