கோடையில் பூங்காவுக்கு ஆள் வேண்டும்

பள்ளிக்கூடம் மூடிவிட்டால் கோயம்புத்தூர்ப் பிள்ளைகளுக்குப் போக்கிடம் இரண்டுதான். ஒன்று பாட்டி வீடு, இல்லாவிட்டால் பூங்கா. பாட்டி வீட்டில் பார்த்துக்கொள்ளப் பாட்டி இருக்கிறாள். பூங்காவில் யார் இருக்கிறார்கள்?

மற்ற மாதங்களில் இந்தக் கேள்வியைக் கேட்காமலே காலம் தள்ளிவிடலாம். ஏப்ரல், மே மாதங்களில் அப்படித் தள்ள முடியாது. 2024ஆம் வருஷம் மே மாதம், சரவணம்பட்டிப் பகுதியில் ஒரு குடியிருப்பு வளாகத்துச் சிறுவர் பூங்காவில், விளையாடிக்கொண்டிருந்த இரண்டு குழந்தைகள் மின்சாரம் தாக்கி மாண்டுபோனார்கள். காட்டிலோ மலையிலோ அல்ல, குடியிருக்கும் வளாகத்துக்குள்ளேயே நடந்தது அது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எத்தனையோ தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை விளையாட அனுப்பியிருக்க மாட்டார்கள். பிறகு அனுப்பினார்கள். அனுப்பாமல் என்ன செய்வது? இரண்டு அறை வீட்டில் இரண்டு மாத விடுமுறையைப் பிள்ளைகள் எப்படிக் கழிப்பது?

கோவைக்காரர்களுக்கு வெயில் என்றால் கொஞ்சம் அலட்சியம் உண்டு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,350 அடி உயரத்தில் இருக்கிறோம், பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வருகிறது, நமக்கென்ன என்ற நினைப்பு. காற்று வருவது வாஸ்தவம். ஆனால் அது வைகாசி பிறந்த பிறகுதான் மனம் வைத்து வரும். சித்திரை வெயிலுக்குக் கணவாய் தெரியாது. பக்கத்து ஈரோட்டில் 2024 கோடையில் 110 டிகிரியைத் தொட்டது. கரூரும் சேலமும் அதற்கு இளைத்தவை அல்ல. கொங்கு நாட்டில் நாம் மட்டும் குளுகுளுவென்று இருக்கிறோம் என்று எண்ணிக்கொள்ள இனி இடமில்லை.

நிற்க. பொதுக் காரியம் என்றால் இந்த ஊர் சளைத்தது அல்ல. 2003இல் தொடங்கிய சிறுதுளி அமைப்பை அறியாதவர் இங்கே குறைவு. 2013 கோடையில் உக்கடம் பெரியகுளம் வறண்டு கிடந்தபோது மண்வெட்டியும் கூடையுமாக ஜனங்கள் திரண்டு தூர் வாரினார்கள். கல்லூரி மாணவர்களும் மில் தொழிலாளிகளும் வியாபாரிகளும் ஒரே வரிசையில் நின்று மண் சுமந்தார்கள். 2017 முதல் கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் ஞாயிறுதோறும் குளக்கரைகளில் குப்பை அள்ளி வருகிறார்கள். பஸ் கண்டக்டராக இருந்துகொண்டே லட்சக்கணக்கில் மரக்கன்று நட்ட யோகநாதனின் பெயர் பிரதமரின் வானொலிப் பேச்சு வரைக்கும் எட்டியது. அந்த நாளில் சிரமதானம் என்று சொன்னோமே, அது இந்த மண்ணில் செத்துப்போகவில்லை.

அப்படியானால் குறை எங்கே? நம்முடைய தொண்டெல்லாம் ஒரு காலைப்பொழுதுத் தொண்டாக இருக்கிறது. கன்று நடுகிறோம், குப்பை அள்ளுகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம், ஒன்பதரை மணிக்கு இட்லி சாப்பிட வீட்டுக்குப் போய்விடுகிறோம். பிள்ளைகள் பூங்காவுக்கு வருவதோ பிற்பகல் மூன்று மணிக்கு. சூரியன் உச்சியில் நிற்பது பன்னிரண்டு மணி என்றாலும், காற்றின் சூடு உச்சத்துக்கு வருவது அந்த மூன்று மணி வாக்கில்தான். அப்போது அங்கே ஒரு பெரியவர் கண் இருப்பதில்லை. உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது ஒரு தொண்டு என்றே நாம் நினைப்பதில்லை.

நம் முன்னோர் நினைத்தார்கள். பீளமேட்டை அடுத்துத் தண்ணீர்ப்பந்தல் என்று ஓர் இடம் இருக்கிறது. கொங்கு நாட்டில் அந்தப் பெயரில் வேறு ஊர்களும் உண்டு. வழிப்போக்கருக்கு நீர் வார்த்த இடங்கள் பெயராகவே நிலைத்துவிட்டன. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் தண்ணீர்ப்பந்தல் அறத்துக்கு நிலம் விட்ட செய்தி வருகிறது. பந்தல் போட்டதோடு அவர்கள் விடவில்லை. தண்ணீர் கொண்டுவருபவனுக்கு, அதை வார்த்துக் கொடுப்பவனுக்கு, பானை வனைந்து தரும் குயவனுக்கு என்று பங்கு பிரித்து எழுதி வைத்தார்கள். பானை மட்டும் இருந்து வார்க்க ஆள் இல்லாவிட்டால் அது பந்தல் ஆகாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கும் சித்திரை மாதம் தண்டு மாரியம்மன் பண்டிகையில் தீச்சட்டி எடுத்து வருபவர்களுக்கு மோரும் பானகமும் கொடுக்க ஆள் நிற்கிறார்கள். அதே ஆட்களில் நாலு பேர் மறுவாரம் தெருக்கோடிப் பூங்காவில் நின்றால் ஆகாதா?

பெரிய பூங்காக்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. 2025 நவம்பரில் காந்திபுரத்தில் செம்மொழிப் பூங்கா திறந்தார்கள். 2010இல் இங்கே நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின்போது வாக்களித்தது, வ.உ.சி. செக்கிழுத்த சிறைச்சாலையின் நிலத்தில் எழும்பி வரப் பதினைந்து வருஷம் ஆயிற்று. வந்தவரைக்கும் சந்தோஷம். அத்தகைய இடத்தில் டிக்கெட் கொடுக்க, கேட்டில் நிற்க, விளக்கைப் பார்க்க ஆள் போடுவார்கள். நம் கவலையெல்லாம் ரிசர்வ் சைட் என்று ஜனங்கள் சொல்கிறார்களே, லேஅவுட் போடும்போது பொதுவுக்கென்று ஒதுக்கிய மூலைத் துண்டு நிலம், அதைப் பற்றித்தான். நூறு வார்டு கொண்ட மாநகரத்தில் அப்படிப்பட்ட பூங்காக்கள் எத்தனையோ. இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், ஒரு விளக்குக் கம்பம், ஒரு போர்டு. ஆள் கிடையாது.

அங்கே போய் உட்காருகிறவர் எதைப் பார்க்க வேண்டும்? முதலில் மின்சாரம். கம்பத்தின் அடியில் மூடி திறந்து கிடக்கிறதா, கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா, தண்ணீர் தேங்கிய இடத்தில் விளக்கு இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். கையால் தொட்டுப் பார்க்கக் கூடாது. சந்தேகம் வந்தால் பிள்ளைகளை வெளியேற்றிக் கேட்டைச் சாத்திவிட்டு, மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987க்குப் போன் செய்துவிட வேண்டும். மின்கசிவு நேர்ந்த கணத்திலேயே இணைப்பை அறுத்துவிடும் சுவிட்ச் கடையில் கிடைக்கிறது. சில ஆயிரம் ரூபாய் சமாசாரம். ஒவ்வொரு பூங்கா மீட்டர் பெட்டியிலும் அது இருக்கிறதா என்று கேட்கும் உரிமை வரி கட்டுகிற எல்லோருக்கும் உண்டு. பூமிக்கடியில் போகும் கம்பியைச் சோதிப்பது தொண்டர் வேலை அல்ல. அது லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் வேலை. அதை மாநகராட்சியோ வளாகத்தை நடத்துகிறவர்களோதான் செய்ய வேண்டும். தொண்டர் வந்துவிட்டார் என்பதற்காக அவர்கள் பொறுப்பு ஒரு அணுவும் குறைந்துவிடாது.

அடுத்தது சூடு. வெயிலில் காய்ந்த சறுக்குமரத்தின் மேல் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். நம்மால் முடியாவிட்டால் குழந்தையின் தொடை எப்படித் தாங்கும்? இரும்புதான் சுடும், பிளாஸ்டிக் சுடாது என்பது தப்பு. அழகுக்காக விரிக்கும் செயற்கைப் புல்லும் ரப்பர் விரிப்பும் நிஜப் புல்லைவிடப் பன்மடங்கு சூடேறுகின்றன. குழந்தை விளையாடும் உற்சாகத்தில் தாகம் சொல்லாது. தலைவலி, மயக்கம், வாந்தி, பேச்சுத் தடுமாற்றம் என்று வரும்போதுதான் தெரியும். உடம்பு 104 டிகிரியைத் தாண்டி, பிள்ளை குழறிப் பேசினால் அது வெப்பத்தாக்கு. வியர்வை இருக்கிறதே என்று அலட்சியம் செய்யக் கூடாது. ஓடி விளையாடிய உடம்பில் வியர்வை இருக்கும்போதே வெப்பத்தாக்கு வரும். நிழலில் கிடத்தி, துணியை நனைத்து உடம்பெல்லாம் போர்த்தி, விசிறிக்கொண்டே 108க்குச் சொல்ல வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். நினைவோடு சோர்ந்திருப்பவருக்கு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். உப்பு அளவு கூடிவிடக் கூடாது. நம் வீட்டு நீராகாரமும் உப்புப் போட்ட மோரும் சாதாரணத் தாகத்துக்குப் போதும்.

குளக்கரைப் பூங்காக்களில் இன்னொரு கவலை. உக்கடம், வாலாங்குளம், செல்வசிந்தாமணி என்று குளங்களின் கரையில் நடைபாதை போட்டு, விளக்கு வைத்து, ஜனங்கள் மாலையில் உலாவும்படி ஆக்கிவிட்டார்கள். கரை அழகாகிவிட்டதால் நீர் ஆழம் குறைந்துவிடவில்லை. கோடையில் நீர் வடிந்த இடத்தில் சேறு முழங்கால் வரை இழுக்கும். பந்து விழுந்தால் பையன் பின்னாலேயே இறங்கிவிடுவான். நீண்ட மூங்கிலும் கயிறு கட்டிய காலி கேனும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால், நீந்தத் தெரியாதவரும் கரையில் நின்றபடியே ஓர் உயிரைக் காப்பாற்றலாம். கோடை மழைக்கு முன் அடிக்கும் சூறைக்காற்றில் தூங்குமூஞ்சி மரத்துக் கிளை முறிவதையும் சொல்லியாக வேண்டும். காற்று எழும்பினால் மரத்தடியில் ஒதுங்காமல் பிள்ளைகளைக் கட்டடத்துக்குள் கொண்டுபோக ஒரு குரல் வேண்டும்.

தொண்டரும் மனிதர்தானே! வேலை நிறுத்திய பிறகு தண்ணீர் குடிக்கலாம் என்று உற்சாகத்தில் பத்து மணி, பதினொரு மணி என்று வெயிலில் மண் வெட்டுகிறவர்களைப் பார்க்கிறோம். ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடித்துவிடுவதே நல்லது. மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெயிலில் வேலையே கூடாது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு வருவது உத்தமம். சில மாத்திரைகள் உடம்பிலுள்ள நீரை இறக்கிவிடும். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்து, அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நிவாரணப் பணியில் ஈடுபட்டு இறப்பவரையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். அந்த வரியை எழுதிய அதிகாரிக்கு உலக அனுபவம் உண்டு.

பூங்காக் கேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆள் இல்லாததால் பல பேட்டைகளில் மத்தியான வேளையில் பூங்காவைப் பூட்டி வைக்கிறார்கள். கட்டட வேலைக்காரர், தள்ளுவண்டிக்காரர், சுமை தூக்குபவர் ஆகியோர் நிழல் தேடும் நேரமும் அதுதான். ஆமதாபாத்தில் 2010 மே மாத வெயில் ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு 2013இல் அந்த மாநகராட்சி வெப்பத்துக்கென்று ஒரு திட்டம் வகுத்தது. தெற்கு ஆசியாவிலேயே ஒரு நகரம் வகுத்த முதல் திட்டம் அது. கடும் வெயில் நாட்களில் பொதுத் தோட்டங்களைப் பகலில் திறந்து வைப்பதும் அங்கே ஒரு வழியாக இருக்கிறது. கோவையில் திறந்து வைக்கலாம், உள்ளே ஓர் ஆள் இருந்தால்.

2022 நவம்பர் 1ஆம் தேதி முதல் நகரங்களில் ஏரியா சபை கூட்டுகிறார்கள். அங்கே போய்ச் சாக்கடை, தெருவிளக்கு என்று கேட்பது போலவே, எங்கள் பூங்காவுக்கு மின்சாரச் சோதனை எப்போது நடந்தது, தேதி என்ன என்று கேட்டு மினிட்டில் எழுதச் சொல்லலாம்.

சென்ற கோடையில் நாம் போன ஒரு சின்னப் பூங்காவில் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மண்பானை, இரண்டு சொம்பு, ஒரு விசில். சறுக்குமரத்தின் மேல் ஈரச் சாக்கு போட்டு மூடியிருந்தது. “கண்ணு, அந்தக் கம்பத்துக்கிட்டப் போவாத, இக்கட்ட வா” என்று ஒரு பெண் குழந்தையைக் கூப்பிட்டார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டோம்.

“மூணு வருசமாச்சுங்க தம்பி. ஊட்டுல சும்மா உக்கார்றத இங்க உக்கார்றனுங்க. பொழுது சாயுற வரைக்கும் இருப்பனுங்க. ஆனா செவ்வாக்கெழமையும் வெள்ளிக்கெழமையும் நம்ம அம்மிணிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போவோணும். அந்த ரெண்டு நாளைக்கு ஆரும் இல்லீங்க. ஆராச்சும் வருவாங்களான்னு பேப்பர்ல போடுங்க.”

போட்டுவிட்டோம்.