கம்பியை இணைத்தால் கணக்கு முடிந்துவிடுமா?

பொறியியல் கல்லூரிகளின் கட்டுப்பாட்டியல் ஆய்வகங்களில் லேப்வியூவோ சிமுலிங்கோ இன்று புதுமையல்ல. பரிமாற்றச் சார்புக்கான கட்டத்தைத் திரையில் வைத்து, தொகுதி, பகுதிக் கெழுக்களை நிரப்பி, கம்பியை இணைத்தால் வளைவு தோன்றிவிடும். அச்சுப்படி செய்முறைப் பதிவேட்டில் ஒட்டப்படும், கையொப்பமும் கிடைக்கும். அந்த வளைவு எந்தத் தீர்வு முறையில், எந்த நேரப்படியில் பிறந்தது என்ற கேள்வி மட்டும் வாய்மொழித் தேர்விலும் எழுவதில்லை.

ஒரு கிலோ ஓம் மின்தடையும் ஒரு மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியும் கொண்ட சுற்றையே எடுத்துக்கொள்ளலாம். நேர மாறிலி 1 மில்லிநொடி. ஒரு வோல்ட் படிநிலை உள்ளீட்டுக்கு மின்தேக்கியின் மின்னழுத்தம் அந்நேரத்தில் 63.2 விழுக்காட்டை எட்டி, பின் மெல்ல 1 வோல்ட்டில் அடங்கும். இதையே நிலையான நேரப்படியுடன், ஆய்லர் முறையில், 2.5 மில்லிநொடிப் படி வைத்து ஓட்டினால் திரையில் வருவது 2.5, பிறகு −1.25, பிறகு 4.375. மேசைமீது அமைதியாக இருக்கும் சுற்று திரையில் வெறிகொண்டு அலைகிறது. படி, நேர மாறிலியின் இருமடங்கைத் தாண்டியதே காரணம், சுற்றின்மீது குற்றமில்லை. படியைத் தானே மாற்றிக்கொள்ளும் தீர்வு முறைகள் இதைப் பெரும்பாலும் மறைத்துவிடுகின்றன. ஆனால் உண்மையான வன்பொருளோடு இணைக்கும் நாளில் நிலையான படிக்கு வந்தேயாக வேண்டும்.

பெருந்தவறு நிகழ்வது வெளியிலிருந்து பெறும் சமிக்ஞையில். நொடிக்கு 1000 மாதிரிகள், ஒவ்வொரு சுற்றுக்கும் 100 மாதிரிகள் என வாசித்து வடிகட்டிக்குள் அனுப்புவது வழக்கம். லேப்வியூவின் பட்டர்வொர்த் வடிகட்டியில் முந்தைய நிலையைத் தொடர்வதற்கென ஓர் உள்ளீடு உண்டு. அதைத் தொடாமல் விட்டால், ஒவ்வொரு முறையும் வடிகட்டி தன் நினைவை இழந்து சுழியத்திலிருந்து தொடங்கும். விளைவு, 0.1 நொடிக்கு ஒரு தடுமாற்றம். அலைமாலையில் 10 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் போலிக் கூறுகள். அச்சமிக்ஞை மூளை மின்னலையாயின் நிலைமை இன்னும் மோசம். ஆல்ஃபா அலையின் எல்லையே 8 முதல் 13 ஹெர்ட்ஸ்தான். மென்பொருள் இட்ட தையலை உடலியல் கண்டுபிடிப்பாக ஆய்வேட்டில் எழுதிவிட எவ்வளவு நேரமாகும்?

வரைகலை நிரலாக்கத்தைக் கைவிடுமாறு கோருவது பேதைமை. வரிவரியாக எழுதிய நிரலிலும் இதே பிழை நேரும். ஆயினும் அங்கே நேரப்படியை எழுதியவர் தம் கையாலேயே இட்டிருப்பார். இங்கே அது மூடிய உரையாடல் பெட்டிக்குள் கிடக்கிறது. ஆகவே பதிவேட்டில் வளைவுக்குக் கீழே தீர்வு முறை, நேரப்படி, தொடக்க நிலை ஆகிய மூன்றையும் எழுதாத மாணவருக்கு மதிப்பெண் குறைப்பதில் கொடுமை ஏதுமில்லை. நெறியாளர்களும் ஆய்வேட்டின் படங்களுக்கு இதையே கேட்கலாம். கூடவே, படியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டிய வளைவு முந்தையதன்மீது பொருந்துகிறதா என்று காட்டச் சொல்லலாம். அதற்குப் புதிய உரிமமோ கருவியோ தேவையில்லை. ஆய்வக நேரத்தில் ஒரு நிமிடம் போதும்.