மூன்றா, நான்கா?

காலை நிகழ்ச்சி செய்து செய்து, விடுமுறை நாளிலும் ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. போன சனிக்கிழமை அக்கா மகனையும் எழுப்பிவிட்டேன். அடுத்த மாதம் தேசிய சேவைக்குப் போகிறவன். "இப்பவே பழகிக்கோ" என்றேன். முறைத்துக்கொண்டே சப்பாத்து மாட்டினான்.

ஆங் மோ கியோவில் ரயில் ஏறி, பீஷானில் வட்டப் பாதைக்கு மாறினால் நேராக பாசிர் பாஞ்சாங். அங்கிருந்து பெப்பிஸ் சாலை மேட்டில் மூச்சு வாங்க ஏறினால் புக்கிட் சண்டு. சண்டு என்றால் அபின். பிரிட்டிஷார் காலத்தில் அடிவாரத்தில் அபின் ஆலை இருந்ததால் வந்த பெயர். மேலே உள்ள பழைய பங்களா இப்போது போர் நினைவகம். அதை அடுத்து, மர உச்சிகளுக்கு நடுவே 280 மீட்டர் நடைபாலம் நம்மை கென்ட் ரிட்ஜ் பூங்காவுக்கு அழைத்துச் செல்கிறது. தெம்புசு மரங்களின் நிழலும் பறவைச் சத்தமுமாக இருக்கும் இதே மேட்டில்தான், 1942 பிப்ரவரி 13, 14 தேதிகளில் மலாய்ப் படைப்பிரிவு ஜப்பானியரை எதிர்த்து நின்றது.

தலைப்பாகை கட்டி, பஞ்சாபி வீரர்கள்போல் ஜப்பானியர் வந்தார்களாம். பிரிட்டிஷ் படையில் மூன்று மூன்று பேராக நடப்பார்கள். வந்தவர்களோ நான்கு நான்கு பேராக வந்தார்கள். லெப்டினென்ட் அட்னான் சைடி அதைக் கவனித்துவிட்டார் என்பது இங்கே சொல்லப்படும் கதை. 14ஆம் தேதி அவர் வீழ்ந்தார். மறுநாள் சிங்கப்பூர் சரணடைந்தது.

"நம்ம ஆளுங்க யாரும் இல்லையா, சித்தி?" என்றான்.

இருந்தார்கள். இந்த மேட்டுப் பகுதியில் 44ஆம் இந்தியப் படையணியும் நின்றது. கிராஞ்சி நினைவுச்சின்னத்தில் உள்ள 24,000க்கும் அதிகமான பெயர்களில் இந்திய வீரர்களின் பெயர்கள் ஏராளம்.

சொல்லிக்கொண்டே வந்தபோது எங்கள் வீட்டுக் கதை நினைவுக்கு வந்தது. தாத்தாவின் அண்ணன் ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களோடு அவரையும் சயாம் ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. இறந்த தேதி தெரியாததால், தாத்தா இருந்தவரை மகாளய அமாவாசையன்று அவருக்குப் படைப்பார். அவர் ராணுவ வீரர் அல்லர். எந்தக் கல்லிலும் அவர் பெயர் இல்லை.

"அவரு பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு போன் செய்தேன். அம்மாவுக்கும் அவர் வெறும் 'பெரியப்பா'தான். கடைசியில், சிரம்பானில் இருக்கும் தொண்ணூறு வயது அத்தைப்பாட்டிதான் சொன்னார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. அக்கா மகன் அந்தப் பெயரைத் தன் கைப்பேசியில் குறித்துக்கொண்டான்.

முழுமைத் தற்காப்பு தினத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளோடு போய் வாருங்கள். தண்ணீர் போத்தல், நல்ல சப்பாத்து போதும். ஆனால் கிளம்பும் முன், வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு பெயரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.