எதிர்வீட்டுத் தாத்தாவும் பாட்டியும்



சென்ற வாரம் ஆசிரியர் அறையில் தொடங்கி, மணி அடித்துவிட்டதால் பாதியில் நின்றுபோன ஓர் உரையாடலை இங்கே தொடர விரும்புகிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வது என்பதுதான் பேச்சு. நம் நாட்டில் அரசு ஊழியர்களின் கட்டாய ஓய்வு வயது 2012 முதல் 60. எங்கள் பள்ளியில் இருவர் அந்த வயதை நெருங்கிக் கொண்டிருக்கின்றனர். ஒருவர் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக் கொள்ளப் போவதாகச் சொன்னார். மற்றவர் காசிக்கு ஒரு பயணம், அதன் பிறகு வீட்டுத் தோட்டம் என்றார். நான் எங்கள் அடுக்ககத்தில் எதிர்வீட்டில் ஒன்றரை ஆண்டு குடியிருந்த அமெரிக்கத் தம்பதியரைப் பற்றிச் சொன்னேன். உடனே ஒருவர், "மதம் மாற்ற வந்தவர்கள்தானே, டீச்சர்?" என்று கேட்டார். அத்துடன் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

அந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. அதற்கு முன் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் 2022 செப்டம்பரில் வந்தனர்; 2024 மார்ச்சில் திரும்பினர். மார்மன் சபை என்று பலராலும் அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர்கள். வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையும் கறுப்புப் பெயர் வில்லையும் அணிந்து இருவர் இருவராக நடந்துபோகும் இளைஞர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதே சபையில், பிள்ளைகளை வளர்த்து முடித்த முதியோரும் கணவன் மனைவியாக ஊழியத்துக்குச் செல்வதுண்டு. 6 மாதம், 12 மாதம், 18 மாதம், 23 மாதம் என்று அவர்களே காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். செலவு அவர்களுடையது. வீட்டு வாடகைக்கு மட்டும் 2011-இல் சபை ஓர் உச்சவரம்பு வைத்து, அதற்கு மேற்பட்டதைத் தானே ஏற்கத் தொடங்கியது. சம்பளம் என்று எதுவும் இல்லை. நாம் 55 வயதில் சேமநிதியை எடுத்துப் பிள்ளையின் திருமணத்துக்கும் வீட்டுக் கடனுக்கும் கொடுக்கிறோமே, அப்படி ஒரு சேமிப்பைத்தான் அவர்கள் இதற்கு எடுத்து வைத்திருந்தார்கள்.

பெரியவர் ஐடஹோ மாநிலத்தில் பால்பண்ணை வைத்திருந்தவர். அந்த அம்மையார் பள்ளி ஒன்றில் அலுவலக எழுத்தர். அவருடைய பெயர் வில்லையில் 'மூப்பர்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் இருந்தது. பதினெட்டு வயதுப் பையனுக்கும் அதே பட்டம்தான் என்று சொல்லி அவரே சிரிப்பார். என் மகள் அந்தப் பட்டத்தையெல்லாம் பொருட்படுத்தாமல் முதல் வாரத்திலேயே தாத்தா, பாட்டி ஆக்கிவிட்டாள்.

பண்ணைப் பழக்கம் அவரை விடவில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு, சூராவில் பாங்கு ஒலிப்பதற்கு வெகுநேரம் முன்பே, எழுந்து நடைபாதையில் வந்து நிற்பார். எங்கள் வீட்டில் அந்நேரத்தில் விழித்திருக்கும் ஒரே ஆள் என் அம்மா. அம்மா முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். பெரியவர் தம் வேலையைக் கையால் கறந்து காட்டி விளக்கியபோது அம்மா, "நானும் பாலுதான் எடுத்தேன், மரத்துல!" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அவர் சிரித்து முடிக்க நெடுநேரம் ஆயிற்று.

காலையில் இருவரும் சேர்ந்து வேதம் வாசிப்பார்கள். பிறகு அந்த அம்மையார் கணக்கு வேலைக்கு உட்காருவார். இளம் ஊழியர்கள் தங்கியிருக்கும் வீடுகளின் வாடகை ரசீது, மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம் எல்லாம் அவர் பொறுப்பு. பெரியவர் ஒரு பெரிய சாவிக்கொத்துடன் கிளம்புவார். அந்த வீடுகளுக்குப் போய்க் குளியலறையில் பூஞ்சை படிந்திருக்கிறதா, எரிவாயுக் குழாய் சரியாக இருக்கிறதா, பையன்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். முதல் மாதத்தில் நம் சாலையின் இடப்பக்கம் அவருக்குப் பெரும் சோதனையாக இருந்தது. திரும்புவதற்குச் சைகை விளக்கைப் போட நினைத்து, மழையே இல்லாத வெயிலில் கண்ணாடித் துடைப்பானை ஓடவிடுவார். அந்த அம்மையார் பக்கத்தில் அமர்ந்து, "இடம், இடம்" என்று சொல்லிக்கொண்டே வருவார்.

மாலையில் சபையைச் சேர்ந்த முதியவர்களைப் பார்க்கப் போவார்கள். மருத்துவமனையில் யாராவது இருந்தால் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சபைக்கு. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஐடஹோவில் ஞாயிறு மாலை ஆறு மணி (குளிர்காலத்தில் ஐந்து). அந்த நேரம் பேரப்பிள்ளைகளுக்கு உரியது. கைப்பேசியின் முன் இருவரும் தலை சீவி, பள்ளிக்கூடப் படத்துக்கு உட்காருவது போல் அமர்ந்திருப்பார்கள்.

அவர்கள் எங்கள் வீட்டுக்கு முதன்முறை வந்தபோது நான் தேநீர் கொடுத்தேன். தொடவில்லை. எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. நம் வீட்டில் வாய் நனைக்கக் கூடாது என்று நினைக்கிறார்களோ என்று எண்ணிவிட்டேன். தேநீர், காப்பி, மது மூன்றும் அவர்கள் சபையில் விலக்கு என்பது பிறகுதான் தெரிந்தது. "பச்சத் தண்ணியாவது குடிப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு அம்மா மைலோ கலக்கிக் கொடுத்தார். அன்று முதல் அதுவே வழக்கமாயிற்று.

இனி அந்தக் கேள்வி. ஊழியம் என்றால் சமயம் பரப்புவது அதில் அடங்கியதுதான். அதை மறைத்து எழுதினால் பெற்றோர் என்னை நம்ப மாட்டார்கள். நம் கூட்டரசு அரசியலமைப்பின் 11(4)-ஆம் பிரிவு இஸ்லாமியரிடையே பிற சமயக் கொள்கைகளைப் பரப்புவதை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்த இடம் தருகிறது. நமக்கு அப்படி ஒரு வேலி இல்லை. ஆகவே நம் பெற்றோர் விழிப்பாக இருப்பதில் தவறு காண மாட்டேன். தோட்டம் இழந்து நகரத்துக்கு வந்த வறிய குடும்பத்தின் கதவை யார் தட்டினாலும், எதற்காகத் தட்டுகிறார்கள் என்று கேட்கும் உரிமை அக்குடும்பத்துக்கு உண்டு. நானும் அந்த அம்மையாரிடம் நேராகவே கேட்டேன். என் மகளிடம் சமயம் பேசுவீர்களா? பெற்றோர் கேட்டுக்கொள்ளாமல் பேச மாட்டேன் என்றார். பேசவுமில்லை. வீடு வீடாகச் செல்வது முதிய தம்பதியரிடம் எதிர்பார்க்கப்படுவதில்லை என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். ஒன்றரை ஆண்டு எதிரெதிரே வாழ்ந்து நான் கண்டதில் பெரும்பகுதி சாவி, ரசீது, பூஞ்சை, மருத்துவமனை நாற்காலி ஆகியவைதான். அவர்களுடைய கொள்கை எனக்கு உடன்பாடானதன்று. ஆனால், ஒருவரின் கொள்கையை ஏற்காமலே அவர் செய்யும் வேலையை உற்றுப் பார்க்கலாம் அல்லவா? ஆசிரியர் அறையில் நாம் அதைச் செய்யத் தவறினோம் என்பதே என் குறை.

அவர்களை முற்றாகப் புகழ்வதும் என் நோக்கமன்று. உடல்நலம், சேமிப்பு, துணை மூன்றும் இருப்பவர்களுக்கே இப்படி ஒரு வாழ்க்கை கைகூடும். வீட்டிலும் எல்லாரும் மகிழ்ந்து வழியனுப்பவில்லை. கைக்குழந்தை வைத்திருந்த மகளுக்குத் தாய் போவதில் வருத்தம். "ஊரான் பிள்ளைகளின் வீட்டைக் கூட்டிப் பெருக்கப் போகிறாயா?" என்று கேட்டாளாம். அதைச் சொல்லும்போது அந்த அம்மையார் மைலோ குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

2023-இல் அவருடைய அக்காள் இறந்துவிட்டார். குடும்பத்தில் இப்படி நேர்ந்தால் சொந்தச் செலவில் சில நாட்கள் போய்வர அனுமதி உண்டு. அவர் போகவில்லை. பெரியவருக்கு அந்த வாரம் முதுகுவலி கடுமையாக இருந்தது. தனியே விட்டுச் செல்ல மனமில்லை. சவ அடக்கத்தைக் கைப்பேசியில் நள்ளிரவு ஒரு மணிக்குப் பார்த்தார். சுவர் தாண்டி அழுகை கேட்டதும் அம்மா எழுந்துபோய்க் கதவைத் தட்டினார். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. விடியும்வரை அம்மா அங்கேயே இருந்தார்.

அவர் போயிருக்க வேண்டும் என்றே நான் இன்றும் நினைக்கிறேன். ஆனால், போவதா இருப்பதா என்று முடிவு செய்தது அவர்தான். மகளோ சபையோ அல்ல. இது என்னை வெகுநாள் உறுத்தியது. ஏனெனில், என் வீட்டிலும் ஒருவர் ஊழியம் செய்கிறார். காலை நாலரைக்கு எழுந்து உணவு சமைக்கிறார்; மதியம் ஒரு மணிக்குப் பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்து வருகிறார்; நான் தாள் திருத்தும் இரவுகளில் அவளைத் தூங்க வைக்கிறார். 71 வயது. இதற்கு எத்தனை மாதம் என்ற கணக்கு கிடையாது. 'விருப்பமா?' என்று நாங்கள் கேட்டதும் கிடையாது. பாட்டி என்றால் பார்த்துக்கொள்வார் என்று வைத்துவிட்டோம். அன்று ஆசிரியர் அறையில் 'பேரப்பிள்ளைகளைப் பார்த்துக் கொள்வேன்' என்ற தோழியிடமும், அது அவர் எடுத்த முடிவா, பிள்ளைகள் எடுத்த முடிவா என்று நான் கேட்கவில்லை.

எதிர்வீட்டார் கிளம்பிய அன்று மாலை அம்மாவிடம் கேட்டேன். "உங்களுக்கு என்னம்மா செய்யணும்னு ஆசை?"

வெகுநேரம் பதில் வரவில்லை. பிறகு, "சுங்கைப் பட்டாணியில தங்கச்சி வீட்டுல மூணு மாசம் இருக்கணும். அவளுக்குக் கண்ணு சரியில்ல. கூட இருந்து ஆக்கிப் போடணும்" என்றார்.

முதல் ஆண்டு ஏதேதோ காரணம் சொல்லித் தள்ளிவைத்தேன். இப்போது அம்மா பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசு தட்டி வைத்திருக்கிறார். மதியம் ஒரு மணிக்குப் பிள்ளையை யார் அழைத்து வருவது என்று நானும் என் கணவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.