சாயங்காலப் பசிக்கு மனசைத் திட்டாதீங்க, காலைத் தட்டைப் பாருங்க!

காலையில் நாலு இட்லி. 11 மணிக்கே வயிறு கூப்பிடும். சாயங்காலம் டீயோடு பஜ்ஜி, ராத்திரி வெப் சீரிஸோடு சிப்ஸ். கடைசியில், 'எனக்கு வாய்க்கட்டுப்பாடே இல்ல'ன்னு ஒரு புலம்பல். பழியில் ஒரு பங்கு காலைத் தட்டுக்கும் உண்டு!

வயிறு காலியானால் கிரெலின் என்ற ஹார்மோன் 'சாப்பிடு' என்று மூளைக்குச் சொல்லும். சாப்பிட்டதும் குடலிலிருந்து பிஒய்ஒய், ஜிஎல்பி-1 போன்றவை சுரந்து 'போதும்' என்று சொல்லும். அந்தப் 'போதும்' சிக்னலைப் புரோட்டீன் வலுவாக்குகிறது.

அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் ஹெதர் லைடி குழு நடத்திய ஆய்வு 2013-ல் வெளியானது. காலை உணவைத் தவிர்க்கும், எடை அதிகமுள்ள 20 இளம்பெண்கள் பங்கேற்றார்கள். சில நாள் வெறும் வயிறு, சில நாள் 13 கிராம் புரோட்டீன் உள்ள உணவு, சில நாள் முட்டை, மாட்டிறைச்சியோடு 35 கிராம். இரண்டு உணவிலும் கலோரி 350தான். 35 கிராம் சாப்பிட்ட நாட்களில் கிரெலின் குறைந்தது, பிஒய்ஒய் கூடியது. வெறும் வயிற்று நாட்களைவிட, சாயங்காலம் கொழுப்பு மிகுந்த நொறுக்குத்தீனியும் குறைந்தது. 13 கிராமுக்கு அந்தப் பலன் இல்லை.

20 பேர், சில நாட்கள் என்பது சின்ன ஆய்வு. இதை வைத்து 'எடை குறையும்'னு யாராவது சொன்னால் நம்பாதீங்க. பசி கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். ஆபீஸ் போறவங்களுக்கு அதுவே பெரிய உதவி.

இப்போ நம்ம தட்டுக்கு வருவோம். ஒரு இட்லியில் புரோட்டீன் சுமார் 2 கிராம். நாலு இட்லிக்கு 8. இட்லியை ரெண்டாக்கி, ரெண்டு முட்டை, அரை கப் கொண்டைக்கடலை சுண்டல் சேர்த்தால் 20 கிராமைத் தாண்டும். முட்டை வேண்டாமா? பருப்பு தாராளமாகப் போட்ட அடை, பாசிப்பயறு தோசை இருக்கே! சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

இதுக்காக ஆயிரக்கணக்கில் செலவழித்து பவுடர் டப்பா வாங்கணுமா? தேவையில்லை என்பதுதான் என் கருத்து. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 உணவு வழிகாட்டியும் உடம்பை ஏற்ற புரோட்டீன் பவுடர் வேண்டாம் என்றே சொல்கிறது.

ராத்திரியே கடலையை ஊறப்போடுங்க. சிப்ஸ் பாக்கெட்டோடு மல்லுக்கட்டுவதைவிட அது சுலபம்.