நாடி இறங்கினால்தான் கடிகாரம் நிற்கும்

நெருப்பெரிச்சலில் என் அக்கா வீட்டுக்குப் போனால், காலை எட்டு மணிக்கு மேல் பேசுவதற்கு ஆள் கிடைக்காது. பனியன் கம்பெனி வண்டி தெருமுனையில் ஒலி எழுப்பியதோ இல்லையோ, பாதி இட்டிலியைத் தட்டிலேயே விட்டுவிட்டு அக்காவின் பெண் ஓடிவிடுவாள். ஓவர்லாக் தைப்பவள் அவள். வயது நாற்பதை நெருங்குகிறது.

"சித்தி, மணிக்கு இத்தனை பீஸ்னு கணக்கு வெச்சுட்டாங்க. யாரை வெச்சுக் கணக்குப் போட்டாங்க தெரியுங்களா? இருபது வயசுப் புள்ளை ஒருத்தியத் தைக்கச் சொல்லி, பக்கத்துல கடிகாரத்தப் புடிச்சாங்க" என்றாள்.

அவளுக்கு நான் ஒரு குதிரைக் கதை சொன்னேன். வாசக சகோதரிகளே, நீங்களும் கேளுங்கள்.

மைதானத்தில் நடக்கும் குதிரைப் பந்தயங்களைப் பற்றியது அல்ல இது. அங்கே இரண்டொரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். சில வீடுகளில் மாதச் சம்பளமும் கூடவே முடிந்துவிடும்! நான் சொல்வது நெடுந்தூரக் குதிரைச் சவாரி. கேரளத்தில் மலப்புறம் ஜில்லாவைச் சேர்ந்த நிதா அஞ்சும் என்ற பெண், 2023-ல் பிரான்ஸில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் 120 கிலோமீட்டரை 7 மணி 29 நிமிஷத்தில் முடித்தாள். மறு வருஷம் அதே தேசத்தில், பெரியவர்களுக்கான போட்டியில் 160 கிலோமீட்டர், வேறொரு குதிரை மேல். 10 மணி 23 நிமிஷம். இரண்டையும் முடித்த முதல் இந்தியர் அவளே.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலாவதில் மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர். தூரம் கூடிய இரண்டாவதில் பதினைந்தரைக்கும் சற்றுக் குறைவு. தூரத்தையும் குதிரையையும் பார்த்து வேகத்தை அளந்து கொடுப்பதுதான் இதில் வித்தை. மெலிந்த உடலும் மெல்லிய தோலும் கொண்ட அரபுக் குதிரை சீக்கிரம் உஷ்ணம் தணியும். சதைப்பற்றுள்ள கனத்த குதிரையோ, அடுப்பிலிருந்து இறக்கிய இரும்புச் சட்டி மாதிரி. சூடு எளிதில் ஆறாது. இரண்டையும் ஒரே ஓட்டமாக விரட்டினால் ஒன்று விழுந்துவிடும்.

பாதையைப் பல சுற்றுகளாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மிருக வைத்தியர் காத்திருப்பார். அங்கேதான் வேடிக்கை! கடைசிச் சுற்றைத் தவிர மற்றவற்றில், குதிரை வந்து சேர்ந்ததும் கடிகாரத்தை நிறுத்த மாட்டார்கள். அதன் நாடி நிமிஷத்துக்கு 64-க்கு இறங்கி, வைத்தியரிடம் கொண்டுவந்து நிறுத்தும் வரை நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். பதினைந்து நிமிஷத்துக்குள் இறங்காவிட்டால் வெளியே! ஆகவே, தலைதெறிக்க முன்னால் வந்த குதிரை மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க, நிதானமாகப் பின்னால் வந்தது அதை முந்திக்கொண்டு உள்ளே போவதும் உண்டு.

நாடி மட்டுமா? கழுத்துத் தோலைக் கிள்ளிப் பார்ப்பார்கள். பேதியான குழந்தைக்கு வயிற்றுத் தோலைக் கிள்ளி நீர்ச்சத்தைப் பார்க்கிறோமே, அதே பரீட்சைதான். ஈறின் நிறம், குடலின் சத்தம், நடையில் நொண்டல், எல்லாம் உண்டு. பிறகு கட்டாய ஓய்வு. 160 கிலோமீட்டர் ஓடிய குதிரையை ஒரு மாதத்துக்கு மேல் பந்தயத்தில் இறக்கக்கூடாது என்றும் விதி இருக்கிறது.

அமெரிக்காவில் 1955 முதல் நடந்துவரும் டெவிஸ் சவாரியில் மலைப் பாதையிலே 100 மைல். கெடு 24 மணி. ஓய்வு நேரமும் அதில் சேர்த்திதான். ஆனால் முதலில் வந்தவருக்கு மட்டுமல்ல, முதல் பத்துக்குள் வந்தவற்றில் உடம்பு கெடாமல் இருக்கும் குதிரைக்கும் தனியாக ஒரு கோப்பை உண்டு. எனக்கு என்னவோ அந்தக் கோப்பைதான் பெரிதாகப் படுகிறது.

"ஏஞ் சித்தி, குதிரை நல்லாயில்லைன்னு யார் சொல்லோணும்? மேலே உக்கார்ந்திருக்கறவங்களா?" என்று கேட்டாள் அக்கா பெண்.

"இல்லையடி, வைத்தியர். அவர் நிறுத்து என்றால் சவாரிக்காரர் மறுபேச்சுப் பேச முடியாது."

அவள் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் ஏதோ எண்ணினாள். அதற்குள் வண்டிச் சத்தம் கேட்டுவிட்டது. டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அன்று ஒன்றரை ஷிப்ட். இரவு ஒன்பது மணிக்குத்தான் வீடு திரும்பினாள்.